படுக்கையில் இருப்பவரின் தொழுகையும் ஜமாஅத்தின் கடமையும்

 

 

கிருஷ்ணகிரி மாவட்டம் ஊத்தங்கரைக்கு அருகிலுள்ள ஒரு சிற்றூரில் நமக்குப் பழக்கமான சகோதரர் ஒருவர் இருக்கிறார். மாந்தோப்புகளும் புளிய மரங்களும் நிறைந்த பூமி அது. புளிய மரங்களைக் குத்தகைக்கு எடுத்து, காய் பழுத்ததும் உலுக்கி விற்பது அவருடைய தொழில். அப்படி ஒரு நாள் மரமேறியபோது கிளை முறிந்து விழுந்துவிட்டார். உயிர் தப்பிற்று. ஆனால் முதுகெலும்பு முறிந்து, உள்ளிருக்கும் தண்டுவடம் நசுங்கி, இடுப்புக்குக் கீழே உணர்வும் அசைவும் அற்றுப் போயின.

நாம் அவரை நலம் விசாரிக்கச் சென்றோம். கட்டிலருகே அமர்ந்தோம். பொறுமையின் சிறப்பை எடுத்துரைத்தோம். அய்யூப் (அலை) அவர்களின் வரலாற்றைச் சொன்னோம். துஆ ஓதினோம். தேநீர் அருந்தினோம். திரும்பி வந்தோம். கடமையை நிறைவேற்றிவிட்ட திருப்தியும் நம் நெஞ்சில் இருந்தது.

சில மாதங்கள் கழித்து மறுபடி அவ்வழியே போக நேர்ந்தது. வாசலிலேயே ஒரு கெட்ட நெடி. அவருடைய மனைவி திரைக்குப் பின்னாலிருந்து சொன்னார்: "இடுப்புக்குக் கீழ புண்ணு பெருசாயிடுச்சு ஹஜ்ரத். போன தடவை நீங்க வந்தப்பவே இருந்துச்சு. நீங்க கேக்கல, நாங்களும் சொல்லல."

நாம் வாயடைத்து நின்றோம். அதற்குமேல் அந்தச் சகோதரர் சொன்ன சொல் நம்மை உலுக்கி எடுத்துவிட்டது. "ஹஜ்ரத், நான் தொழுது நாலு வருஷம் ஆகுது. மூத்திரப் பை எந்நேரமும் பக்கத்துல தொங்குது. இந்த நஜீஸோட நான் எப்படி அல்லாஹ்வைக் கூப்பிடுவேன்?"

நான்கு வருடங்கள்! ஐந்து வேளையும் பாங்கொலி அந்த வீட்டுக்குள் கேட்டுக்கொண்டுதான் இருந்தது. அந்தக் கதவு தமக்கு அடைக்கப்பட்டுவிட்டதென்று அவர் நம்பிக் கிடந்தார். இல்லை, திறந்தே இருக்கிறது என்று சொல்ல மஹல்லாவில் ஒருவரும் இல்லை. நாமும் சொல்லவில்லை. பொறுமையைப் பற்றி அரைமணி நேரம் பேசிய நாம், "எப்படித் தொழுகிறீர்கள்? உடம்பில் புண் உண்டா?" என்று இரண்டு கேள்விகள் கேட்கவில்லை.

சகோதரர்களே! கேளாமல் விட்ட கேள்வி மனிதரை அழித்துவிடும் என்பதற்கு ஹதீஸில் சான்று உண்டு. ஜாபிர் (ரலி) அவர்கள் அறிவிப்பதாக அபூதாவூதில் பதிவான செய்தி இது. பிரயாணத்திலிருந்த ஸஹாபி ஒருவருக்குத் தலையில் கல்பட்டுக் காயம் ஏற்பட்டது. அவருக்குக் குளிப்புக் கடமையாயிற்று. தயம்மும் செய்துகொள்ள எனக்குச் சலுகை உண்டா என்று உடனிருந்தவர்களிடம் கேட்டார். தண்ணீர் இருக்கும்போது சலுகை இல்லை என்று அவர்கள் சொல்லிவிட்டார்கள். அவர் குளித்தார், இறந்தும் போனார். செய்தியறிந்த நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் கடுமையாகக் கோபித்தார்கள். அவரைக் கொன்றவர்கள் அவர்களே என்றார்கள். தெரியாதபோது கேட்டிருக்க வேண்டாமா, அறியாமை என்னும் நோய்க்குக் கேட்பதல்லவா மருந்து என்ற கருத்தில் கண்டித்தார்கள்.

அந்த ஸஹாபாக்கள் கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. மார்க்கத்தின் மீது கொண்ட பற்றினாலேயே சொன்னார்கள். ஆயினும் அறியாமல் சொன்ன சொல் ஓர் உயிரைப் பறித்தது. தண்டுவடம் பாதிக்கப்பட்டவர்களின் விஷயத்தில் நம் மஹல்லாக்களில் இதே அறியாமை மூன்று இடங்களில் நிகழ்கிறது: விழுந்த நேரத்தில், வீட்டுக்கு வந்த பிறகு, தொழுகையின் விஷயத்தில். இம்மூன்றையும் வரிசையாகப் பார்ப்போம்.

முதலாவது, விழுந்த நேரம்.

தண்டுவடம் என்பது மூளையிலிருந்து புறப்பட்டு முதுகெலும்பின் உள்ளே இறங்கும் நரம்புக் கற்றை. சுண்டுவிரல் பருமன்தான், ஏறத்தாழ 45 சென்டிமீட்டர் நீளம். கையை அசை, காலை எடு என்ற கட்டளை அதன் வழியாகவே இறங்குகிறது. சூடு, வலி, சிறுநீர் முட்டுதல் ஆகிய செய்திகளும் அதன் வழியாகவே மேலேறுகின்றன. அது அறுந்தால் அறுந்த இடத்துக்குக் கீழே தொடர்பு நின்றுவிடும். கழுத்தில் என்றால் கைகளும் போகும்; முதுகின் நடுவில் என்றால் கால்கள் போகும். எலும்பு மறுபடி கூடும். தண்டுவடத்தை மறுபடி வளர்த்தெடுக்கும் மருத்துவம் இன்றளவும் கைகூடவில்லை.

ஆனால் எலும்பு முறிந்த எல்லோருக்கும் தண்டுவடம் அந்த நொடியிலேயே முழுதும் நசுங்கிவிடுவதில்லை. நாலு பேர் ஓடிவந்து, ஒருவர் தோளையும் ஒருவர் காலையும் பிடித்துத் தூக்கி, ஆட்டோவின் பின்சீட்டில் மடக்கிப் போடுகிறார்களே, அப்போது முறிந்த எலும்பு நகர்ந்து மிச்சமிருப்பதையும் நசுக்கிவிடக் கூடும். உதவப் போனவர்களின் கையாலேயே கேடு வந்துவிடுகிறது. மரத்திலிருந்தோ, கட்டடத்திலிருந்தோ, கிணற்றிலோ, வண்டியிலிருந்தோ விழுந்தவர் கழுத்து, முதுகு வலிக்கிறது, கால் மரத்துவிட்டது என்றால் அவரை உட்கார வைக்கக் கூடாது. தலையையும் கழுத்தையும் திருப்பக் கூடாது. அசையாமல் பிடித்துக்கொண்டு 108-ஐ அழைக்க வேண்டும். அவ்விடத்தில் ஆபத்து இருந்து அகற்றியே ஆகவேண்டுமென்றால், பலர் சேர்ந்து தலை, முதுகு, இடுப்பு, கால் யாவும் ஒரே நேர்க்கோட்டில் இருக்கும்படி ஒரு பலகையின் மேல் நகர்த்த வேண்டும்.

கிருஷ்ணகிரியிலேயே இப்போது அரசு மருத்துவக் கல்லூரி இருக்கிறது. 2022 ஜனவரியில் அது திறந்து வைக்கப்பட்டது. சாலை விபத்தாயின் முதல் 48 மணி நேரச் சிகிச்சைக்கு அரசே பொறுப்பேற்கும் திட்டம் 2021 டிசம்பரிலிருந்து நம் மாநிலத்தில் உண்டு. ஆகவே பணத்துக்கு அஞ்சி, "முதலில் நாட்டுக் கட்டு போட்டுப் பார்ப்போம்" என்று நேரத்தைக் கடத்தாதீர்கள். விழாமலேயே நோய் வருவதும் உண்டு. நீங்காத முதுகுவலி, மாலையில் காய்ச்சல், உடல் மெலிவு, போகப்போகக் கால் தளர்ச்சி ஆகியவை முதுகெலும்பில் பற்றும் காசநோயின் அடையாளமாக இருக்கலாம். காலத்தோடு கண்டால் மருந்திலேயே குணமாகக் கூடிய நோய் அது. அரசு மருத்துவமனையில் அதற்கு மருந்து இலவசம். கிராமத்து அரபிகள் வந்து, மருத்துவம் செய்துகொள்ளலாமா என்று கேட்டபோது, செய்துகொள்ளுங்கள், முதுமை ஒன்றைத் தவிர ஒவ்வொரு நோய்க்கும் அல்லாஹ் மருந்தை வைத்தே இருக்கிறான் என்று பெருமானார் (ஸல்) அவர்கள் விடையளித்ததை உஸாமா இப்னு ஷரீக் (ரலி) அறிவிக்கிறார்கள். மருத்துவம் தேடுவது தவக்குலுக்கு முரணன்று.

இரண்டாவது, வீட்டுக்கு வந்த பிறகு.

"இனி ஒன்றும் செய்வதற்கில்லை" என்ற சொல்லே நம் வீடுகளில் பெரிய முஸீபத்து. பழைய எகிப்தின் வைத்திய ஏடுகளிலேயே இது மருத்துவம் செய்யத் தகாத நோய் என்று எழுதி வைத்தார்கள். முதல் உலகப் போரில் தண்டுவடம் அடிபட்ட சிப்பாய்களில் பெரும்பாலோர் சில வாரங்களிலோ மாதங்களிலோ மாண்டார்கள். படுக்கைப் புண்ணும் சிறுநீர்த் தொற்றுமே அவர்களில் பலரைக் கொன்றன. ஜெர்மனியில் யூதர்களுக்கு நேர்ந்த கொடுமையிலிருந்து தப்பி 1939-ல் இங்கிலாந்துக்கு வந்த டாக்டர் லுட்விக் குட்மன், 1944-ல் ஸ்டோக் மாண்டவில் மருத்துவமனையில் இவர்களுக்கென்று ஒரு பிரிவைத் தொடங்கினார். இரவு பகலாக நோயாளிகளை இரண்டு மணிக்கொருமுறை புரட்டிப் படுக்க வைத்தார். சிறுநீரை முறையாக அகற்றினார். எழுப்பி உட்கார வைத்து வேலை பழக்கினார். சாவார்கள் என்று கைவிடப்பட்டவர்கள் வீடு திரும்பினார்கள். 1948-ல் அவர்களில் 16 பேரைக் கொண்டு அவர் நடத்திய விளையாட்டுப் போட்டியே பின்னாளில் பாராலிம்பிக் ஆயிற்று.

அவ்வளவு தூரம் போவானேன்? ஊத்தங்கரையிலிருந்து திருப்பத்தூர், வாணியம்பாடி, ஆம்பூர் வழியாகப் போனால் வேலூர். அங்கே கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில் மேரி வர்கீஸ் என்றோர் இளம் டாக்டர் இருந்தார். 1954-ல் கார் விபத்தில் அவருடைய தண்டுவடம் அறுந்தது. இடுப்புக்குக் கீழே செயலற்றுப் போயிற்று. வயது முப்பதுகூட நிரம்பவில்லை. கைகள் இரண்டும் இருக்கின்றனவே, உட்கார்ந்தபடியே அறுவைச் சிகிச்சை செய்யலாமே என்று அவருடைய ஆசான் டாக்டர் பால் பிராண்ட் ஊக்கமூட்டினார். சக்கர நாற்காலியில் அமர்ந்தபடி, தொழுநோயால் மடங்கிப் போன கைகளை அந்த அம்மையார் அறுவை செய்து நிமிர்த்தினார். பிறகு ஆஸ்திரேலியாவிலும் அமெரிக்காவிலும் மறுவாழ்வு மருத்துவம் பயின்று திரும்பி, 1966-ல் வேலூர் பாகாயத்தில் மறுவாழ்வு நிலையம் உருவாக வழிவகுத்தார். 1972-ல் பத்மஸ்ரீ விருது பெற்றார். அவர் 1986-ல் மறைந்த பிறகும் அந்நிலையம் தண்டுவடம் பாதிக்கப்பட்டவர்களுக்குப் பணி செய்துகொண்டிருக்கிறது. தெற்கே ஆய்க்குடியில், கழுத்துக்குக் கீழே செயலிழந்த எஸ். ராமகிருஷ்ணன் என்பவர் 1981-ல் தொடங்கிய அமர் சேவா சங்கம் எத்தனையோ பேருக்கு வாழ வழி காட்டியிருக்கிறது.

இவர்கள் நம் மார்க்கத்தவர் அல்லர். ஆயினும் போனதை எண்ணிப் புலம்பாமல், அல்லாஹ் மிச்சம் வைத்திருப்பது என்ன என்று பார்க்கும் பாடத்தை இவர்களிடம் காண்கிறோம். நம் ஷரீஅத்தும் இதையே கற்பிக்கிறது என்பதைப் பின்னர் காண்போம்.

பெரிய மருத்துவமனையில் கற்றுத் தருவதை வீட்டில் தாயும் மனைவியும் மக்களும் செய்தாக வேண்டும். முக்கியமானவற்றைக் குறித்துக்கொள்ளுங்கள்.

படுத்திருப்பவரை இரண்டு மணிக்கொருமுறை புரட்டிப் படுக்க வைக்க வேண்டும். உட்கார்ந்திருப்பவர் கால்மணி, அரைமணிக்கொருமுறை கைகளை ஊன்றிப் பிட்டத்தைத் தூக்க வேண்டும். உணர்வில்லாத தோலில் புண் வந்தால் வலிக்காது. ஆகவே தினமும் ஒருமுறை இடுப்பு, பிட்டம், குதிகால் ஆகியவற்றைக் கண்ணால் பார்க்க வேண்டும். சிவப்பு படிந்து மறையாவிட்டால் அதுவே புண்ணின் ஆரம்பம். அவ்விடத்தில் பாரம் படக் கூடாது; தேய்க்கவும் கூடாது.

உணர்வு போன காலுக்கு ஒத்தடம் வேண்டாம். சுடுதண்ணீர்ப் பையும் சூடான எண்ணெயும் தோலை வேகவைத்துவிடும், அவருக்குத் தெரியாது.

சிறுநீர்ப்பை தானாகக் காலியாகாது. தேங்கினால் தொற்று வரும். நாளடைவில் சிறுநீரகமே கெடும். நான்கு முதல் ஆறு மணிக்கொருமுறை சுத்தமான குழாய் செலுத்திச் சிறுநீரை எடுத்துவிடும் முறையை நோயாளிக்கே மருத்துவமனையில் கற்றுத் தருகிறார்கள். பலருக்கு அதனால் பையே தேவைப்படாமற் போகிறது.

மார்புக்கு மேலே அடிபட்டவருக்குத் திடீரென்று தலை வெடிப்பதுபோல் வலித்து, முகம் சிவந்து, வியர்த்துக் கொட்டினால் அலட்சியம் வேண்டாம். சிறுநீர் அடைத்ததாலோ மலச்சிக்கலாலோ இரத்த அழுத்தம் ஏறுவதன் அறிகுறி அது. உடனே நிமிர்த்தி உட்கார வைத்து, குழாய் மடங்கியிருக்கிறதா என்று பார்த்துச் சிறுநீரை வெளியேற்ற வேண்டும். தணியாவிட்டால் ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டும்.

வீடு தேடி வந்து இயன்முறைச் சிகிச்சை அளிக்கும் 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தை அரசு 2021 ஆகஸ்டில் தொடங்கியதே நம் கிருஷ்ணகிரி மாவட்டத்துச் சாமனப்பள்ளியில்தான். அருகிலுள்ள ஆரம்ப சுகாதார நிலையத்தில் பெயரைப் பதிந்து கேளுங்கள். ஒசூரைத் தாண்டினால் பெங்களூரில் நிம்ஹான்ஸ் மருத்துவமனையும் இருக்கிறது.

மூன்றாவது, தொழுகை.

அந்தச் சகோதரரின் கேள்விக்கு ஷரீஅத் என்றைக்கோ விடை சொல்லிவிட்டது. நபிகள் நாயகம் (ஸல்) அவர்களே குதிரையிலிருந்து விழுந்து விலாப்புறம் சிராய்த்து, உட்கார்ந்தபடி தொழுதிருக்கிறார்கள். நலம் விசாரிக்க வந்த தோழர்களுக்கு உட்கார்ந்தே இமாமத் செய்தார்கள் என்று அனஸ் (ரலி) அறிவிக்கும் செய்தி புகாரியில் இருக்கிறது. நோயுற்றிருந்த இம்ரான் இப்னு ஹுஸைன் (ரலி) அவர்கள் தொழுகை பற்றிக் கேட்டபோது, நின்று தொழவும், இயலாவிட்டால் உட்கார்ந்தும், அதுவும் இயலாவிட்டால் விலாப்புறம் சாய்ந்தும் தொழவும் அனுமதி தந்தார்கள். இம்ரான் (ரலி) அவர்கள் பிற்காலத்தில் நெடுங்காலம் படுக்கையிலேயே கழித்தார்கள் என வரலாற்றாசிரியர்கள் எழுதுகிறார்கள். கேட்டறிந்த அந்தச் சலுகை உம்மத் முழுமைக்கும் அருட்கொடையாயிற்று.

இயன்ற அளவு அல்லாஹ்வை அஞ்சுமாறு தகாபுன் சூராவிலும், எந்த ஆத்மாவையும் அதன் சக்திக்கு மேல் அவன் சிரமப்படுத்துவதில்லை என்று பகரா சூராவின் இறுதியிலும் இறைவன் அறிவிக்கிறான். எது போயிற்று என்று ஷரீஅத் கணக்கெடுப்பதில்லை. எது மிச்சமிருக்கிறதோ அதைக் கொண்டு வணங்கு என்கிறது.

ஆகவே, சக்கர நாற்காலியில் உட்கார முடிந்தவர் உட்கார்ந்து தொழட்டும். ருகூஉவுக்குச் சிறிது குனியட்டும். ஸுஜூதுக்கு அதைவிடச் சற்று அதிகமாகக் குனியட்டும். படுக்கையில் இருப்பவர் தலையால் சாடை செய்யட்டும். கிப்லாவின் பக்கம் கட்டிலைத் திருப்பி வைப்பது வீட்டாரின் வேலை. திருப்ப ஆளில்லையென்றால் இருக்கும் திசையே அவருக்குப் போதும். தலையையும் அசைக்க இயலாதவரின் சட்டத்தில் மத்ஹபுகளிடையே வேறுபாடு உண்டு. அதை உங்கள் ஊர் ஆலிமிடம் கேளுங்கள்.

சிறுநீர் ஓயாமல் ஒழுகுபவரும், பை பொருத்தப்பட்டவரும் 'மஃதூர்' என்ற சலுகைக்குரியவர்கள். ஹனஃபி மத்ஹபில் அவர் ஒவ்வொரு வக்துக்கும் ஒரு முறை ஒளூச் செய்து, அந்த நேரம் முடியும்வரை பர்ளு, ஸுன்னத், நஃபில் யாவும் தொழலாம். சிறுநீர் கசிவதால் அந்த ஒளூ முறியாது. ஷாஃபிஈ மத்ஹபில் நேரம் வந்தபின் ஒவ்வொரு பர்ளுக்கும் தனி ஒளூச் செய்து தொழ வேண்டும். தொழுமுன் பையைக் காலி செய்து, இயன்றவரை சுத்தப்படுத்திக்கொண்டால் போதும். தண்ணீர் ஊற்றித் துணை செய்ய ஆளில்லை, அல்லது தண்ணீர் புண்ணுக்குத் தீங்கு என்றால் தயம்மும் இருக்கிறது. மனைவி தன் கணவனைச் சுத்தம் செய்வது இழிவன்று. நன்மை குவியும் செயல்.

நோன்பில் தண்ணீர் குறைந்தால் சிறுநீர்த் தொற்று வரும் நிலையிலிருப்பவர் மருத்துவரைக் கேட்டே முடிவு செய்ய வேண்டும். நிரந்தரமாக நோன்பு நோற்க இயலாதவருக்கு ஃபித்யா உண்டு. ஹஜ்ஜின் விஷயத்திலோ, வாகனத்தில் நிலையாக உட்கார இயலாத தன் முதிய தந்தைக்காக ஹஜ்ஜுச் செய்யலாமா என்று கஸ்அம் கோத்திரத்துப் பெண்மணி கேட்டபோது, செய்யலாம் என்று அண்ணலார் (ஸல்) விடையளித்த செய்தி புகாரியிலும் முஸ்லிமிலும் இருக்கிறது. இங்கும் ஒரு கேள்வியே வழியைத் திறந்தது!

ஜமாஅத்தார்களே! முத்தவல்லிகளே! இனி உங்களிடம் ஒரு வார்த்தை.

நோயாளிக்கு ஜும்ஆ கடமையில்லை என்பது அவருக்குத் தரப்பட்ட சலுகை. அவரை மறந்துவிட நமக்குத் தரப்பட்ட சலுகையன்று. பள்ளிவாசலுக்கு நாலு படி வைத்துக் கட்டும்போது, அந்த நாலு படியில் யார் வெளியே நிற்பார் என்று நாம் எண்ணிப் பார்ப்பதில்லை. ஓரடி உயரத்துக்குப் பன்னிரண்டடி நீளம் என்ற கணக்கில் ஒரு சாய்தளம் போட்டால் சக்கர நாற்காலி ஏறிவிடும். மூன்றடி அகலக் கதவு போதும். சக்கரங்களைத் துடைத்து ஒரு விரிப்பைப் போட்டு, ஸஃப்பின் ஓரத்தில் இடம் கொடுத்தால் அவரும் ஜமாஅத்தில் சேர்ந்துவிடுவார். கண்பார்வையற்ற அப்துல்லாஹ் இப்னு உம்மி மக்தூம் (ரலி) அவர்களைப் பாங்கு சொல்ல நிறுத்திய உம்மத்தல்லவா நாம்!

ஸகாத்தில் ஏழை நோயாளிக்குரிய பங்கை ரமளானில் மட்டும் எண்ணாதீர்கள். காற்று மெத்தை, குழாய், சக்கர நாற்காலி ஆகியவை அவருக்கு அரிசி பருப்பைப் போன்றவை. மாற்றுத்திறனாளி அடையாள அட்டைக்கும் அரசு உதவித்தொகைக்கும் மனு எழுதிக் கொடுத்து, கூடப் போய்வர ஓர் இளைஞரை நியமியுங்கள். இரவில் எழுந்து எழுந்து புரட்டிப் போடும் மனைவிக்கும் தாய்க்கும் வாரத்தில் ஓரிரவாவது ஓய்வு கிடைக்கும்படி உறவுப் பெண்கள் முறைவைத்துக்கொள்ளட்டும். மறுமையில் அல்லாஹ், நான் நோயுற்றிருந்தேன், நீ என்னை விசாரிக்க வரவில்லையே என்று அடியானைக் கேட்பான் என்றும், இன்ன அடியான் நோயுற்றிருந்தானே, அவனிடம் போயிருந்தால் அங்கே என்னைக் கண்டிருப்பாயே என்பான் என்றும் முஸ்லிம் ஷரீஃபில் வரும் ஹதீஸை நாம் பலமுறை ஓதியிருக்கிறோம். போய் உட்கார்ந்து எழுந்து வந்தால் விசாரித்ததாகிவிடுமா? விசாரிப்பது என்றால் கேட்பது.

நம் சகோதரரை அன்றே மருத்துவமனைக்குக் கொண்டுபோனோம். புண் ஆற ஏழு மாதங்கள் ஆயின. கால்கள் திரும்பவில்லை; அல்லாஹ்வின் நாட்டம் அது. ஆஸ்பத்திரியிலிருந்து வந்த அன்று லுஹருக்கு அவருடைய மகன் தண்ணீர் ஊற்ற ஒளூச் செய்து, கட்டிலைக் கிப்லாவுக்குத் திருப்பி, நாலு வருடத்துக்குப் பின் முதல் தக்பீர் கட்டினார். விட்டுப்போன தொழுகைகளைச் சிறுகச் சிறுகக் கழாச் செய்து வருகிறார். அந்தக் கழாவில் எவ்வளவு அவருடைய கணக்கு, எவ்வளவு நம்முடைய கணக்கு என்று எண்ணும்போது நமக்கு அச்சமாக இருக்கிறது.

யா அல்லாஹ்! படுக்கையில் இருக்கும் எங்கள் சகோதர சகோதரிகளுக்கு ஆறுதலையும் ஆஃபியத்தையும் தருவாயாக! அவர்களுக்குப் பணிவிடை செய்யும் கைகளுக்குப் பலத்தைத் தருவாயாக! அறியாததைக் கேட்டறியும் பணிவையும், அறிந்ததைக் கொண்டுபோய்ச் சேர்க்கும் அக்கறையையும் எங்களுக்கு அருள்வாயாக! ஆமீன், யா ரப்பல் ஆலமீன்!